காப்ஸ்யூல் பொடி

என் தம்பி இளையபெருமாளுக்குக் குன்னத்தில் மூன்று ஏக்கர் வெங்காயக் காடு உண்டு, மூளைதான் கிடையாது. காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் காப்ஸ்யூல் வாங்கி இரண்டு நாள் தின்பான். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். மனுசனுக்கோ மாட்டுக்கோ புண் என்றால் அதைப் பிரித்துப் பொடியைத் தூவுவான். ஊரில் அவனுக்கு வைத்தியர் என்று பேர் வேறு. வெட்கக்கேடு.

போன மாதம் களைக்கொத்து அவன் காலிலேயே பட்டது. வழக்கம்போலப் பொடி தூவினான். எட்டாம் நாள் பெரம்பலூரில் ஐ.சி.யு.வில் நினைவில்லாமல் கிடந்தான்.

"ரத்தத்துல கிருமி பரவிடுச்சும்மா. இத்தன வருசமா அரைகுறையா தின்னு கிருமிக்கு மருந்தப் பழக்கி விட்டுட்டாரு. இப்ப எதுக்கும் அடங்கல. கடைசியா ஒரு ஊசி இருக்கு, அது கிட்னியக் கெடுத்தாலும் கெடுக்கும்" என்றார் டாக்டர்.

"போடுங்க சார். பொழச்சு வரட்டும், அவன நான் கேக்க வேண்டியது நெறைய இருக்கு" என்றேன்.

பதினேழு நாள் கழித்துக் கண் திறந்தான். கிட்னியும் தப்பியது. காலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, என் சட்ட எங்க? பையில ரெண்டு காப்ஸ்யூல் கெடந்துச்சே" என்றான்.

"சட்டையோட அடுப்புல போட்டுட்டேங்க, வைத்தியரே" என்றேன்.