ஆறு பிள்ளைகளும் பத்தொன்பது குறைகளும்

வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் தொழிலில், நமக்குச் சாப்பாடு என்பது ஒரு பிள்ளை மிச்சம் வைத்த அரை இட்லியும், இன்னொரு பிள்ளை கடித்துவிட்டு நம் வாயில் திணித்த வாழைப்பழமும்தான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கைக்குட்டை என்று நினைத்து யாருடைய ஜட்டியிலாவது முகம் துடைத்திருப்பீர்கள். நானும் துடைத்திருக்கிறேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்கள், "அக்கா, நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்று ஒவ்வொருவராகப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். பத்து மாதத்திலிருந்து நாலு வயதுவரை ஆறு பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. அதற்கப்புறம் நான் சும்மா இருந்ததே இல்லை.

மேடம் முட்டி போட்டார்

முறையாகப் பதிவு செய்துவிடலாம் என்று மனு போட்டேன். வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. திரைச்சீலை துவைத்தேன். சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி படமெல்லாம் ஒட்டினேன். கேசரிகூடக் கிளறி வைத்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கேசரியைப் பார்க்கவில்லை, ஒட்டகச்சிவிங்கியையும் பார்க்கவில்லை. கைப்பையை நாற்காலியில் வைத்தார், புடவையைச் செருகிக்கொண்டார், கூடத்தின் நடுவில் முட்டி போட்டு, குழந்தை மாதிரித் தவழ ஆரம்பித்தார். "புள்ளைங்க கண்ணு இருக்கற ஒசரத்துலேந்து பாத்தாத்தாம்மா வீடு தெரியும்" என்றார்.

கட்டிலுக்கடியில் ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி. சிங்குக்குக் கீழே, ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில். இழுத்தால் தலையில் விழும் இஸ்திரிப்பெட்டி ஒயர். ஏறினால் சாய்கிற பீரோ. கொல்லைக் கிணற்றின்மேல் நான் மூடி என்று நம்பிக்கொண்டிருந்த தகரம். அந்த அம்மா தவழத் தவழ, பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் வீடு எனக்கு யாரோ ஒருத்தர் வீடாகிவிட்டது. மொத்தம் பத்தொன்பது குறை, சரிசெய்ய ஒரு மாதத் தவணை. சாயந்திரம் கடையிலிருந்து வந்த கணவர் பட்டியலை முழுசாகப் படித்துவிட்டு, வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்த வூட்ல இத்தினி வருசமா நம்ம ரெண்டு பேரும் உசுரோட இருந்ததே பெரிய விசயம்டி."

ரெண்டு கை வேண்டிய தாழ்ப்பாள்

கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டினோம். கொல்லைக்குப் போகும் வழியில் ஒரு குட்டிக் கேட் போட்டு, ரெண்டு கையும் வேண்டும், பிள்ளைகளால் திறக்கவே முடியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்த தாழ்ப்பாளை வாங்கி மாட்டினோம். மாட்டிய கார்ப்பென்டருக்கே அதைத் திறக்கக் கால்மணி நேரம் பிடித்தது. எனக்கு ரெண்டு நாள்.

மூன்றாம் நாள், இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அந்தக் கேட்டோடு போராடிக்கொண்டிருந்தேன். ரெண்டரை வயது கவின் வந்து என் கையைத் தள்ளிவிட்டான். வலது கையால் ஒரு தூக்கு, வயிற்றால் ஒரு இடி. கேட் திறந்துகொண்டது. அன்றைக்கே தாழ்ப்பாளைக் கேட்டின் வெளிப்பக்கம், உச்சிக்கு மாற்றினோம். ஆனால் பயத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. அவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பக்கத்தில் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்த நாலு வயது யாழினி, தலையைத் தூக்காமலேயே விளக்கம் சொன்னாள்: "தூக்கிட்டுத் தள்ளணும் அத்தை. நீங்க தெனமும் தள்ளிட்டுத் தூக்குறீங்க."

சிதம்பரத்தில் ஒரு ரப்பர் பொம்மை

பட்டியலில் பன்னிரண்டாவது குறை நானேதான். முதலுதவிப் பயிற்சி இல்லை என்று எழுதியிருந்தார்கள். சிதம்பரத்தில் ஒருநாள் வகுப்பு என்று போனேன். இருபது பெண்கள், நடுவில் பெஞ்சின்மேல் ஒரு ரப்பர் குழந்தை. சொல்லிக்கொடுத்தவர் ரிட்டயரான நர்ஸ். தொண்டையில் எதுவும் அடைத்துக்கொண்டால் கைக்குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு, தலை தாழ வைத்து, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அஞ்சு தட்டு. அதற்கும் வராவிட்டால் மல்லாத்திப் போட்டு, நெஞ்சில் ரெண்டு விரலால் அஞ்சு அழுத்து.

என் முறை வந்தது. பொம்மையைத் தூக்கினேன். அதற்குக் கண் வேறு வரைந்திருந்தார்கள். மெதுவாகத் தட்டினேன். அந்த நர்ஸம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, இருபது பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நீ தூங்க வைக்கிறம்மா. நான் கேக்குறது, எழுப்பி விடுற அடி."

சத்தமே வரவில்லை

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தியாவுக்குப் பத்து மாதம். அவள் அம்மா செல்வி துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் அடித்துப் பெட்டி கட்டுகிறவள். சாயந்திரம் வந்தால் எங்கள் குழாயடியில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவாள். அன்றைக்கு யாழினியின் டப்பாவில் வறுத்த முந்திரி இருந்திருக்கிறது. அவள் மாமா ஊர் திருவதிகை, முந்திரிக்குப் பஞ்சமில்லை. முழுக்கொட்டை எதுவும் கொடுத்தனுப்பக் கூடாது என்று எல்லாத் தாய்மார்களிடமும் சொல்லியிருந்தேன். ஆனால் டப்பாவை நான் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. யாழினி தனக்குப் பிடித்ததில் பாதியைக் கடித்து, தங்கச்சிப் பாப்பாவுக்கு ஊட்டிவிட்டாள்.

நான் ரெண்டடி தூரத்தில் பாய் மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இருமல் இல்லை, அழுகை இல்லை. யாழினிதான், "பாப்பா கலர் மாறுது" என்றாள். திரும்பினால் வாய் திறந்திருக்கிறது, உதடு நீலம். நான் எதையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. கை தானாகவே குப்புறப் போட்டது, தலையைத் தாழ்த்தியது, அடித்தது. ஒன்று, ரெண்டு, மூணு. நாலாவது அடியில் அரை முந்திரி தரையில் வந்து விழுந்தது. அப்புறம் தியா அழுதாள். அந்த அழுகையைப்போல ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மற்ற பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, செல்விக்குப் போன் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

செல்வி ஐஸ் ஒட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். டப்பாவை நான் பார்க்காமல் விட்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். நடந்ததை ஆஸ்பத்திரியிலேயே ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தியாவின் தொட்டிலைக் கழற்றலாமா வேண்டாமா என்று நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாழினியின் அம்மா வந்து அழுதார். யாழினி அழவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை செல்வி வந்தாள். தியாவை என் கையில் கொடுத்தாள். நான் கழற்றாமல் விட்டிருந்த தொட்டிலில் போட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பொண்ணு சிரிச்சிக்கினுதான் இருந்தா, நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா. சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் இட்டாந்தேன்."

பட்டியலில் இல்லாத மாமா

பிள்ளையை யார் வந்து கூட்டிப்போகலாம் என்று தாய்மார்களிடம் பெயர் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பெயர்களைத் தவிர யார் வந்தாலும் பிள்ளையை விடுவதில்லை. ஒரு மத்தியானம் யாழினியின் தாய்மாமன் வந்தார். திருவதிகைக்காரர், போலீஸ் கான்ஸ்டபிள், யூனிபார்மிலேயே வந்திருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. யாழினியின் அம்மா போனை எடுக்கவில்லை.

"நான் போலீஸும்மா" என்றார். "தெரியுது சார். அப்பிடி நெழல்ல உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்" என்றேன். "மாமா, மாமான்னு அது கூப்புடுது பாருங்க, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். பிள்ளைகள் பிஸ்கெட் விற்கிறவரையும்தான் மாமா என்று கூப்பிடுகிறார்கள் என்றேன். முகம் சிவந்துவிட்டது. போலீஸ் என்றால் எனக்கும் பயம்தான். ஆனாலும் வாசல் கேட்டைத் திறக்கவில்லை. மனுஷர் போய் வேப்பமர நிழலில் பைக்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒருமணி நேரம். யாழினி ஜன்னல் கம்பி வழியாக அவருக்குத் தன் பொம்மைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவருடைய அக்கா, யாழினியின் அம்மா, வந்து சேர்ந்ததும் அவர் பைக்கிலிருந்து இறங்கி, என்னை ஒரு பார்வை பார்த்து, அக்காவிடம் சொன்னார்: "எங்க ஸ்டேசன் லாக்கப்புலகூட இவ்ளோ கறார் கெடையாதுக்கா."

மேடம் மறுபடி முட்டி போட்டார்

தவணை முடிந்து மேடம் மறுபடி வந்தபோது ஆறு பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். அவர் முட்டி போட்டார். கவின் பார்த்தான், அவனும் முட்டி போட்டான். பின்னாலேயே யாழினி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். அரசாங்க அதிகாரி முன்னால் தவழ, என் வீட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் பின்னால் தவழ்ந்து போகிற காட்சியைப் பார்த்து நான் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாம் சரி என்று அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். கவின் மட்டும் எழவில்லை. பீரோவுக்கடியில் கைவிட்டு, ஒரு ஊக்கை எடுத்து அவரிடம் நீட்டினான். மேடம் அதை வாங்கிப் பத்திரமாகத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "சர்ட்டிபிகேட்டுல உங்க பேரப் போடறதா, இவன் பேரப் போடறதான்னு யோசிக்கணும்மா."

வடம்

ஆபத்து என்றால் எல்லாப் பிள்ளைகளையும் எப்படி வெளியே கொண்டுவருவீர்கள் என்பது மனுவில் ஒரு கேள்வி. ஆறு பிள்ளைக்கு எனக்கு ரெண்டு கைதானே? செல்வி துறைமுகத்திலிருந்து நல்ல கயிறு ஒன்று கொண்டுவந்து தந்தாள். முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டேன். சிதம்பரம் தேர் பார்த்த பிள்ளைகள் என்பதால், "தேர் வருது!" என்று நான் கத்தினால் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும் என்று பழக்கினேன். வாரம் ஒருமுறை. முதல்நாள் ரெண்டு பேர் கயிற்றைக் கடித்தார்கள், ஒருத்தன் படுத்துக்கொண்டான்.

இதில் முகிலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வயது. வந்து அஞ்சு மாதமாகியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் அம்மாவிடம் மட்டும் ரெண்டொரு சொல். எனக்கு எல்லாம் விரல்தான். வடத்தில் எப்போதும் கடைசி முடிச்சைப் பிடிப்பான்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை பத்தரை மணி. வெளியே கொட்டுகிறது. மீட்டர் போர்டில் படபடவென்று பொறி பறந்தது, கருகிய நாற்றம், கூடமெல்லாம் புகை. ஊருக்கெல்லாம் மோட்டார் சரிபண்ணும் ஆள் வீட்டில்தான் இந்த லட்சணம். நான் தியாவை அள்ளிக்கொண்டு, "தேர் வருது!" என்று கத்தினேன். என் குரலே எனக்குப் புரியவில்லை. ஆனால் அஞ்சு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். யாரும் அழவில்லை. யாரும் செருப்புக்கு ஓடவில்லை. யாழினி முன்னால், கவின் அவளுக்குப் பின்னால், முடிச்சுக்கொரு கை. புகைக்கு நடுவில் அந்தக் கயிறு நேராக வாசலைப் பார்த்துப் போனது. பெரியவர்கள் நாம் அப்படி ஒழுங்காக ஒரு பஸ்ஸில் ஏறியிருப்போமா?

எதிர்வீட்டு சன்ஷேடுக்குக் கீழே நின்று எண்ணினேன். கயிற்றில் அஞ்சு, இடுப்பில் ஒன்று. மறுபடி எண்ணினேன். மறுபடியும். எதிர்வீட்டு அண்ணன் ஓடிப்போய்க் கம்பத்தில் கரண்டை நிறுத்த ஆள் கூப்பிட்டார். கணவருக்கு யாரோ போன் போட்டார்கள். நான் நாலாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது என் புடவையை யாரோ இழுத்தார்கள். முகிலன். கடைசி முடிச்சுக்குப் பின்னால் மிச்சம் தொங்கிய கயிற்று நுனியை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை அவனே மூடிவிட்டான். பிறகு, அஞ்சு மாதத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினான்: "அத்த, நீ வடம் புடிக்கல."

சான்றிதழ் என் பெயருக்குத்தான் வந்திருக்கிறது, அதில் பங்கு கேட்கிற அளவுக்கு இந்தப் பிள்ளைகளுக்கு விவரம் வருகிறவரை எனக்கு லாபம்தான்.