பவளத்தின் முதுகு அளவு

எங்கள் வீட்டுக்குக் குதிரை வந்தது ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில். கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக் கதவைச் சரிசெய்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அமராவதிபுதூர் திரும்பினால், வாசலில் அந்த வண்டி நிற்கிறது. பின்னால் செவலை நிறத்தில் ஒரு குதிரை. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு என் மனைவி முத்துமாரி. எனக்குச் சோறு போடுகிற உத்தேசம் அவள் முகத்தில் இல்லை.

“என்னடி இது?”

“பவளம்,” என்றாள், சொந்தக்காரப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி. “சிங்கம்புணரிப் பக்கம் ஒரு பண்ணையில வாங்குனேன். உங்ககிட்டச் சொன்னா வேண்டாம்பீக. அதான் சொல்லல.”

நியாயம்தான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முத்துமாரியின் அப்பா மதுரையில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். அங்கே வருகிற பிள்ளைகளுக்குக் குதிரை ஏறச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். அப்புறம் மூன்று பிள்ளைகள், என் அம்மாவுக்கு வைத்தியம் என்று இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. கடைசிப் பெண் தீக்ஷா கல்லூரி விடுதிக்குப் போன மறுமாதமே, இவள் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், சனிக்கிழமைகளில் குதிரையேற்றம் சொல்லித்தருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். குதிரையை முதலில் காட்டுங்கள் என்று தலைமையாசிரியை ராஜப்ரியா சொல்லியிருக்கிறார். இவள் சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பவளத்துக்குப் பதினொரு வயது. ஒரு காலத்தில் ஆளைச் சுமந்து ஓடிய குதிரைதான். பிறகு ஆறு வருடமாகக் குட்டிக்கென்றே வைத்திருந்தார்கள். நான்கு குட்டி போட்டாயிற்று, இனிச் சினை பிடிக்காது என்று பண்ணைக்காரர் ரவிக்குமார் தள்ளிவிட நினைத்த நேரத்தில் இவள் போய் நின்றிருக்கிறாள். வயிறு பானையாகத் தொங்கியது. முதுகு மெத்தை மாதிரி அகலம்.

“நாலு பெத்துட்டு ஆறு வருசம் சும்மா நின்னது. இனிமே இது என்னத்தக் கிழிக்கப்போகுது?” என்றேன்.

முத்துமாரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். வேலிக்கு அங்குட்டு நின்ற பக்கத்து வீட்டு ஒச்சம்மாள், “ஆசாரி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா?” என்றாள். மூன்று பெற்று வீட்டோடு நின்றவளிடம் போய் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சமாதானம் பண்ண எனக்குத் தெரிந்த ஒரே வழி மரம். “சேணம் நான் செஞ்சு தாரேன்,” என்றேன். கம்பியை வளைத்துப் பவளத்தின் முதுகின் மேல் அழுத்தி அச்சு எடுத்தேன். பூவரசில் சட்டம் இழைத்து, காரைக்குடியில் தோல் தைத்து வாங்கி, இரண்டாவது வாரமே பட்டறையில் மாட்டிவைத்தேன். தொழிலில் எனக்குக் கர்வம் உண்டு. இந்த ஆண்டியப்பன் ஒரு தடவை அளந்தால் நூல் பிசகாது என்று கோட்டையூரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

சேணம் தயாராகியும் அவள் ஏறவில்லை. மூன்று மாதம் வெறும் நடைதான் என்றாள். விடிந்தால் கண்மாய்க் கரையில் குதிரையோடு நடை, சாயங்காலம் நீளக் கயிற்றில் கட்டி வட்டம் சுற்றுவது. பவளத்துக்கு வயிறு உள்ளே போனது, தோல் பளபளத்தது. “குதிரைக்கு வயசு குறைஞ்சுபோச்சு,” என்று ஒச்சம்மாளே சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்ததும் சேணத்தைக் கட்டி ஏறினாள். நான் அன்று பள்ளத்தூரில் வேலையில் இருந்தேன். ஏறிக் கொஞ்ச நேரம் ஓடியதும் பவளம் பின்னங்காலை உதறிக் கீழே தள்ளிவிட்டதாம். ஒரு வாரம் விட்டு மறுபடி ஏறினாள். மறுபடி தள்ளியது. நான் வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை வந்து பார்க்க இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது.

“சேணம் எங்கயாச்சும் கடிக்குதோ என்னமோ,” என்றாள்.

“என் அளவையா சொல்ற? குதிரைக்குப் புத்தி கோணலா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?” என்று எரிந்து விழுந்தேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. என் கைவேலையின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சு,” என்றாள். “நாளைக்கு ரவிக்குமாருக்குப் போன் போடணும், திருப்பி எடுத்துக்கிருவாரான்னு.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவள் கண்மாய்ப் பக்கம் போகவில்லை. நான் தண்ணீர் வைக்கப் போனேன். போகிறபோக்கில் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் பவளம் துள்ளி ஒதுங்கியது. தோளுக்கு மேலே எலும்பு மேடாக இருக்கிற இடத்தில் முடி உதிர்ந்து, தொட்டால் சுட்டது. பட்டறைக்குப் போய் அந்த அச்சுக் கம்பியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நாலு விரல் நுழைகிற இடைவெளி. மூன்று மாத நடையில் குதிரை இளைத்திருக்கிறது, அகலச் சேணம் கீழே இறங்கி நேராக எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. பச்சை மரம் காய்ந்தால் சுருங்கும் என்று கணக்குப் பார்த்து வெட்டுகிறவன் நான். உயிருள்ள முதுகு சுருங்கும் என்று தோன்றாமல் போயிற்று.

கம்பியைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். குதிரை போயிருக்கும், என் பெயரும் கெடாது. ஆனால், “எனக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சு” என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. அடுப்படிக்குப் போனேன்.

“முத்து, போன் போடாத. நீ எதையும் மறக்கல. சேணந்தான் கடிக்குது. தப்பு என்னோடது.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் கேட்டேன்ல?”

“கேட்ட.”

“எரிஞ்சு விழுந்தீகள்ல?”

“விழுந்தேன்.”

“அந்த வாயில்லாச் சீவன் தனக்குத் தெரிஞ்ச மாதிரி வலியச் சொல்லியிருக்கு. அத நம்பாம உங்கள நம்புனேன் பாருங்க.” அப்புறம் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதில் குதிரையைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான்.

கையிலிருந்த வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் புதிய சட்டம் இழைத்தேன். இந்தத் தடவை அச்சு எடுத்த கை அவளுடையது. அவள் சொன்ன இடத்தில் சீவினேன், போதும் என்றால் நிறுத்தினேன். புண் ஆறுகிற வரை பவளத்தின் முதுகில் ஒரு துணிகூட விழவில்லை.

சொன்னபடி ராஜப்ரியா டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். முத்துமாரி சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். பவளம் காதை ஆட்டியது, அவ்வளவுதான். முதலில் நடை. அப்புறம் மெதுவாக ஓட்டம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலின் கடைசிக்குப் போய்த் திரும்பும்போது வேகம் பிடித்தது. அவள் முதுகு நிமிர்ந்திருந்தது, கை அசையவே இல்லை, குதிரை அவள் நினைத்த பக்கம் போனது. அவள் குதிரை மேல் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடுத்த சனிக்கிழமையே பிள்ளைகளை அனுப்பறேன்,” என்றார் டீச்சர். கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார்: “இவங்க எந்த வயசுல கத்துக்கிட்டாங்க?”

“நான் கேட்டதில்லைங்க,” என்றேன்.

முத்துமாரி வேலியோரம் வந்து குதிரையை நிறுத்தினாள். அவளிடமே கேட்டேன்.

“இருபத்திரண்டு வருசம் கழிச்சுக் கேக்குறீக,” என்றாள், மூச்சு வாங்க. முகமெல்லாம் சிரிப்பு. “ஏழு வயசுல.”

சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு இன்னொரு சுற்றுப் போனாள்.