சிறைக்குப் போகாத பணம்

கனகராஜ் தன் உழைப்புக்காலம் முழுவதும் சிறைக்காவலராக இருந்தவர். மலாய் நாட்டில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றி ஆட்களை வெளியேற்றிய காலத்தில் சீருடை வேலை கிடைத்ததைப் பெரிதாக நினைத்தார். அந்த நினைப்பு நிலைக்கவில்லை. அவர் பூட்டிய அறைகளில் அவரோடு லயத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். கம்பங்கள் எனப்படும் காட்டோரச் சிற்றூர்களிலிருந்து வந்த செமாய் பூர்வகுடி இளைஞர்களும் இருந்தார்கள். இவர்களைப் பூட்டி வைக்கச் சளைக்காமல் செலவழித்த அரசுக்கு, இவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்க மட்டும் என்றைக்கும் கை வரவில்லை. கூட வேலை செய்தவர்கள் தலைவிதி என்றார்கள். விதியாவது மண்ணாவது. யாரோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வேறொரு முடிவு வந்தது. புதிய சிறைக் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை, சோதனையாக, ஒரு செமாய் கம்பத்தின் கையிலேயே கொடுத்தார்கள். எதற்குச் செலவிடுவது என்று கம்பமே தீர்மானித்தது. கூடிப் பேச ஒரு கூடம் எழும்பியது. குடியை விட நினைப்பவர்களுக்கு ஒரு தங்குமிடம், போக வர ஒரு வேன். வேனை ஓட்டக் கனகராஜ் வந்தார்.

கூடத்துக்கு வந்த முதல் வழக்கு அலாங் என்ற கம்பத்து இளைஞனுடையது. மரம் ஏற்றும் லாரிகள், பாதைக்கடியில் போகும் கம்பத்தின் தண்ணீர்க் குழாயைத் திரும்பத் திரும்ப நசுக்க, ஒருநாள் பாராங் கத்தியால் லாரிக் கண்ணாடியை உடைத்துவிட்டான். சில்லு தெறித்து ஓட்டுநர் ராஜுவின் புருவம் கிழிந்தது. கூடத்தில் பேசி இரு தரப்பும் ஒத்துப்போனால் மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொள்வார். இல்லையென்றால் அலாங் சிறைக்குப் போவான்; பணமும் அவன் பின்னாலேயே சிறைக்குத் திரும்பிவிடும்.

ராஜுவை அழைத்து வந்தது கனகராஜ்தான்.

"கண்ணு போயிருந்தா இவனுங்க திருப்பிக் குடுப்பானுங்களாண்ணே?"

"போகலல்ல. வந்து உக்காரு லா. மன்னிப்பு கேப்பான், ஒரு தே குடிச்சிட்டுப் போயிடலாம்."

"போலீஸ் மாதிரியே பேசுறீங்க."

"போலீஸ் புடிச்சிட்டு வந்ததோட சரி. உள்ள சோறு போட்டது காவலருங்க நாங்கடா."

தேநீர் வந்தது, ஆறியது. பேச்சு முடியவில்லை. செமாய் வழக்கப்படி எல்லோரும் மனத்தில் உள்ளதைச் சொல்லித் தீரும்வரை பேசவேண்டும். அலாங்கின் அத்தை பேசினார். மாமன் பேசினார். அத்தை மறுபடியும் பேசினார். கனகராஜுக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்தில் கோயில் தலைவர் இதை ஒரு நொடியில் முடித்திருப்பார். எழுந்து நின்று, பழைய காவலர் குரலில், மலாயில் சொன்னார்: "அலாங், இங்கே வா. இவர் காலில் விழு."

வா நாரி என்ற கம்பத்துத் தலைவி குரலை உயர்த்தவில்லை. "இங்கே யாரும் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை. இதற்குச் சிறையே போதுமே."

சிலர் எழுந்து படியிறங்கத் தொடங்கினார்கள். ஆட்கள் கலைந்தால் பேச்சு முறிந்ததாகப் பொருள். அலாங் பயந்துபோய் ராஜுவின் முன் முழங்காலை மடக்கினான்.

ராஜு சட்டென்று காலை இழுத்துக்கொண்டான்.

"வேணாண்ணே. எங்கப்பா தோட்டத்து ஆபீஸ் கிராணி கால்ல விழுந்தத லயத்துல நின்னு பாத்தவன் நானு. அப்புறம் அப்பா எங்க முகத்தயே பாக்கல."

பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, பாயில் அலாங்கின் பக்கத்தில் உட்கார்ந்தான். "என் மேல் உனக்கு என்ன கோபம்?" என்று மலாயில் கேட்டான்.

"குழாய்."

"எந்தக் குழாய்?"

ராஜுவுக்குத் தெரியாது. மண்ணுக்கடியில் ஓர் ஊரின் தண்ணீர் ஓடுகிறதென்று கம்பெனியில் யாரும் அவனிடம் சொன்னதில்லை. படியிறங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். அலாங்கின் அத்தை மூன்றாம் முறை பேசினார். இந்த முறை கனகராஜ் கடைசிவரை கேட்டார். தன் முறை வந்ததும், "நான் செய்தது தப்பு" என்று மட்டும் சொன்னார்.

வெயில் தாழ்ந்தபோது அலாங், யாரும் சொல்லாமலே, ராஜுவின் புருவத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். மாஜிஸ்திரேட்டும் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாரம் கனகராஜின் வேனில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. சிறைச் சுவருக்கென்று ஒதுக்கிய பணத்தில் வாங்கியவை. லாரியை ஓரங்கட்டிவிட்டு ராஜு மண்வெட்டியை எடுத்தான்.

"இன்னும் ஆழமாக வெட்டு லா," என்றான், பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த அலாங்கிடம் மலாயில். "நாளைக்கும் நான் இந்த வழியாகத்தான் லாரியில் வரவேண்டும்."