தரையில் வந்த அலை

தராசு என்றால் அந்த ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. ஒரு கையில் மூன்று, மறு கையில் மூன்று என்று ஆறு கிண்ணம் சூப்பை ஏந்திக்கொண்டு, ஆடுகிற படகில் ஒரு சொட்டுச் சிந்தாமல் வருவான். அதைப் பார்த்து அவனுடைய பெரியம்மா மகன் கேலியாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

படகு என்றால் ஓடுகிற படகு இல்லை. சரக்குச் சுமந்து ஓய்ந்த பழைய படகைக் கரையோரம் நாலு கயிற்றில் கட்டி, மேலே தகரம் வேய்ந்து, பன்னிரண்டு மேசை போட்டு நடத்திய சாப்பாட்டுக் கடை. முதலாளி வேறு யாருமில்லை, தராசின் மனைவிக்கு மூத்த அண்ணன். அடுப்படியில் மனைவி. மேசைகளுக்கும் அடுப்படிக்கும் நடுவே முழ அகலத்தில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் புருஷனும் பெண்டாட்டியும் இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். மகளுக்குக் காய்ச்சல், நாத்தனார் வீட்டுச் சண்டை, வாளி ஓட்டையாகிவிட்ட சேதி, எல்லாம் சூப்போடு சேர்ந்து அங்கேதான் கைமாறின.

பயணிகள் படகு கடக்கும்போதெல்லாம் அலை வரும். தரை சாயும். தராசு வலப்பக்கம் இடுப்பைக் கொடுத்து, இடது முழங்காலைத் தளர்த்தி, வந்த அலையை உடம்புக்குள் வாங்கிக்கொள்வான். அலை வந்ததே கிண்ணத்துக்குத் தெரியாது.

கரை மாறியது ஒரே நாளில் இல்லை. முதலில் மண்பாதையில் கல் பதித்தார்கள். பிறகு பெஞ்சு போட்டு ரொட்டி விற்றவர் காணாமல் போனார். மீன் பொரித்த இடத்தில் கண்ணாடிக் கதவு வைத்த காப்பிக்கடை வந்தது. அதற்கும் அடுத்ததாக, வெள்ளைத் துணி விரித்த மேசையும் மெழுகுவத்தியுமாக, உள்ளே போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்படியான பெரிய உணவகங்கள். கடைசியில் கரையில் கட்டியிருந்த கடைப் படகுகளையெல்லாம் அவிழ்க்கச் சொன்னார்கள். மச்சான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மூத்த மகள் வீட்டோடு போய்விட்டார்.

படகு நின்ற இடத்துக்கு நேர் எதிரே எழும்பிய உணவகம், மனைவி வைத்த மீன் சூப்பை ஒரு கரண்டி ருசி பார்த்ததுமே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. தராசுக்கு மட்டும் மூன்று நாள் சோதனை.

"மூணு நாள் பாக்கறோம் அண்ணே. சரியா வந்தா ரெண்டு பேரும் இங்கயே இருங்க," என்றாள் மேலாளர். மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு.

சரியாக வராவிட்டால், ஊரின் அந்தக் கோடியில் பெரியம்மா மகன் நடத்தும் கேன்டீன் இருக்கிறது. அங்கேயும் பரிமாறலாம். ஆனால் தராசு விடியுமுன் கிளம்ப வேண்டும், மனைவி இரவு வந்து சேரும்போது அவன் தூங்கியிருப்பான். இருபத்திரண்டு வருடம் பேசிப் பழகிய வாய், அதன்பின் சுவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

முதல் நாள் மதியம் உணவகக் கூடத்துக்குள் கால் வைத்தான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். பளபளத்த தரையில் வெளியே இருந்த தண்ணீரெல்லாம் உள்ளே வந்து படுத்திருந்தது. மேகத்தின் மேல் நடப்பதுபோல நடந்தான். அகலமான தட்டில் நடுவாக இரண்டு வாய் மீன்.

"மிச்ச மீன் நீந்திப் போயிடுச்சா?" என்று அடுப்படிக் கதவருகே முணுமுணுத்தான்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. இங்க சிரிக்கிறதுகூட மெதுவாத்தான்," என்றாள் மனைவி.

கண்ணாடிக்கு அப்பால் பயணிகள் படகு மிதந்து போனது. அவனுக்குத் தெரியாமலே இடுப்பு வலப்பக்கம் போயிற்று, முழங்கால் தளர்ந்தது. அலை வரவில்லை. வந்தது சூப்புதான், வெள்ளைத் துணி முழுக்க.

இரண்டாம் நாளும் அதே கதை.

"என்னங்க, தரை ஆடலைங்க."

"எனக்குத் தெரியுது. என் காலுக்குத் தெரியலையே."

"அப்ப தண்ணிக்கு முதுகு காட்டி நடங்க."

மூன்றாம் நாள் தண்ணீருக்கு முதுகைக் காட்டியே நடந்தான். பார்க்காவிட்டால் என்ன? தூரத்தில் படகு ஊதியது காதில் விழுந்தது. இந்த முறை சூப் ஒரு அம்மாளின் மடியில்.

மேலாளர் அவனை ஓரமாக அழைத்துப் போனாள். "அண்ணே, உங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா இந்தக் கூடத்துக்கு..."

மனைவி கரண்டியும் கையுமாக வெளியே வந்துவிட்டாள். "பாத்திரம் கழுவுறவர் நேத்தோட நின்னுட்டாருல்ல மேடம்? அந்த இடத்துல இவர் நிக்கட்டும். அங்க எதையும் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டாம்."

"அவருக்குச் சம்மதமா?"

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். மனிதர்களுக்கு முன்னால் நின்று, யாருக்குக் காரம் ஆகாது, யார் யாரோடு பேச்சில்லை என்று கண்டு பரிமாறிய ஆள். கேன்டீனுக்குப் போனால் இன்னும் தராசுதான். உள்ளே போய்விட்டால் அந்தப் பெயரைக் கூப்பிட ஆளில்லை.

அவன் பரிமாறக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"தண்ணி சுடுதண்ணியா வருமா?" என்று கேட்டான்.

அடுப்படிக்கு ஜன்னலே இல்லை. தொட்டியில் கையை விட்டான். இரண்டு எட்டு தள்ளி அவள். படகில் அவன் பார்த்ததெல்லாம் ஜன்னலுக்குள் அடங்கிய முகமும் தோளும்தான். வேலை செய்கிறவளை முழுசாக இன்றைக்குத்தான் பார்க்கிறான். ஒரு குதிகாலை மற்றதன் மேல் வைத்துக்கொண்டு வெங்காயத்தை நறுக்கி, சூப்பில் போட்டுக் கிளறுகிறாள். வலது காலணியில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது.

சுவருக்கு அப்பால், ஏதோ கனவுக்குள்ளிருந்து ஊதுவதுபோல, படகு ஊதியது. அவன் இடுப்பு தானாகச் சாய்ந்தது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று வெட்கத்தோடு திரும்பினான்.

அவளும் சாய்ந்திருந்தாள். வலப்பக்கம் இடுப்பு, தளர்ந்த இடது முழங்கால், ஒரு சொட்டுச் சிந்தாத கரண்டி. மெல்ல நிமிர்ந்து மறுபடி கிளற ஆரம்பித்தாள். தான் சாய்ந்தது அவளுக்கே தெரியவில்லை.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சிரிப்பு? கொஞ்சம் சத்தமாத்தான் சிரிங்களேன். இங்க அடுப்படியில யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."