வெறும் சாயம்

கண்டியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் நூல்பை ஒன்று தொங்குகிறது. கையால் பின்னியது. தேயிலையில் சாயம் போட்டதாம். வெள்ளைக்காரர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன். ஒருநாள் உள்ளே போய் அதைப் பற்றிக் கேட்டேன். அங்கே நின்ற பிள்ளை பையை என் மூக்குக்கு நேரே நீட்டி, தேயிலை வாசம் இன்னும் இருக்கிறது, மணந்து பாருங்கள் என்றாள். நான் மணக்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அப்படி ஒரு பை எங்கள் வீட்டிலும் இருந்தது. அதற்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம், ஹுன்னஸ்கிரிய தோட்டங்களில், சாயம் என்றால் பால் போடாத தேத்தண்ணி. விடிந்தால் சாயம். வேலை விட்டு வந்தால் சாயம். துணிக்குப் போடும் நிறத்துக்கும் அதே சொல்தான் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் வீட்டில் ரெண்டும் ஒரே தகரத்தில்தான் கொதித்தது.

நூல் சித்தி கொடுத்தது. சித்தி பல்லேகல பக்கம் ஒரு தையல் கம்பனியில் வேலை. நூல் சுற்றி வரும் கூம்பின் அடியில் மிஞ்சுவதை அங்கே வீசிவிடுவார்கள். கேட்டால் கொடுப்பார்கள். சித்தி கேட்டு வாங்கி, தீபாவளிக்கு வரும்போது ஒரு பை நிறையக் கொண்டு வந்தாள். எல்லாம் வெள்ளை.

தூள் அப்பா கொண்டு வந்தார். அப்பா தோட்டத்து பெக்டரியில் கூட்டிப் பெருக்கும் வேலை. சாயங்காலம் தரையில் கிடக்கும் தேயிலைத் தூசியை அள்ளி, சுண்ணாம்பைக் கலந்து, குழியில் போட்டு மூட வேண்டும். மனுசர் குடிக்கக் கூடாது என்றுதான் அந்தச் சுண்ணாம்பு. அதைக் கலக்குவதற்கு முன்னால் அப்பா ஒரு பிடி எடுத்து இடுப்பு மடிப்பில் வைத்துக்கொள்வார்.

பிடிபட்டால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து லய வரிசையில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவும் போகும். இது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா தூள் கொண்டு வருகிறார் என்பதுதான் எனக்குத் தெரியும். மற்ற அப்பாமார் விறகு கொண்டு வருவது போல. அதைத் திருட்டு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். பல்லேகலயில் வீசியதைக் கேட்டால் கொடுக்கிறான். இங்கே புதைப்பதை எடுத்தால் கள்ளன். இது என்ன நியாயம்?

அம்மா மண்ணெண்ணெய்த் தகரத்தில் தூளைப் போட்டுக் கொதிக்க வைத்து நூலை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் எடுத்தால் வைக்கோல் நிறம். ஒரு ராத்திரி ஊறவிட்டால் பலாக்கொட்டைத் தோல் நிறம். செடி வெட்டும் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தி ஒன்றைத் தகரத்துக்குள் போட்டு மறுபடி கொதிக்க வைத்தாள். நூல் மழைமேகம் மாதிரி கறுத்து வந்தது. யார் அவளுக்குச் சொன்னார்களோ தெரியாது. முதல் தடவை கத்தி தற்செயலாக விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா அடுப்படியில் குந்திக்கொண்டு பார்த்தார்.

"நூலு குடிக்குது. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஒங்களுக்கு என்ன, வாய் வெளுத்தா போச்சு?" என்றாள் அம்மா.

பையை நான்தான் பின்னினேன். குடைக் கம்பியை வளைத்து அரத்தால் ராவி அப்பா கொக்கி ஊசி செய்து கொடுத்தார். கீழே கறுப்பு, நடுவில் பலாக்கொட்டை, மேலே வைக்கோல். விரல் வீங்கியது. பள்ளிக்கூடத்தில் கைவேலைக் கண்காட்சி வந்தது. என் பையை மேசையில் வைக்க வேண்டும், பக்கத்தில் என் பேர் எழுதிய அட்டை நிற்க வேண்டும், அம்மா வந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்கள் டீச்சர் யாழ்ப்பாணம். கெட்டவர் இல்லை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாத்தான் பின்னியிருக்கிறீர். என்ன சாயம் பிள்ளை?"

"சாயந்தான் டீச்சர்."

"அதைத்தான் கேக்கிறன். என்ன சாயம்?"

"வெறும் சாயம்."

"என்னோட பகிடியோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பி, "டீச்சர், அவ பிளேன் டீய சொல்றா" என்றாள்.

டீச்சரின் முகம் மாறிப்போனது. "தேத்தண்ணியை ஊத்திப்போட்டு, கழுவாமல் கொள்ளாமல், அதைக் கைவேலை எண்டு கொண்டு வாறீரே?"

"ஊத்தல டீச்சர். அவிச்சது."

"வாய் காட்டாதையும்."

சோப்புப் போட்டால் போய்விடும் என்று அவர் நினைத்தார். அம்மா அதை மூன்று தடவை குழாய்வழி விழும் பீலித் தண்ணியில் அலசி, நிறம் போகாமல் இருக்கிறதா என்று பார்த்தவள். அதை எப்படிச் சொல்வது? கடைசியில் டீச்சர் மனம் இளகி, கடதாசிப் பூக்களுக்குப் பின்னால் ஒரு மூலையில் வைக்கவிட்டார். அட்டை கிடையாது.

கண்காட்சிக்கு அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் நின்று, கல்யாண வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்து மேசை மேசையாகத் தேடினாள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பூக்களை ஒதுக்கிக் காட்டினேன். அவள் விரலால் ஒருதரம் தொட்டாள். சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து டீமேக்கர் ஐயா வந்தார். அவர்தான் அன்றைக்குப் பெரிய விருந்தாளி. பெக்டரிக்கு அவர்தான் எல்லாம். அப்பாவுக்கு மேலே கங்காணி, கங்காணிக்கு மேலே அவர். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் பையில் நின்றார். கையில் எடுத்தார். மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். தூளை மணந்து பார்ப்பது அவர் தொழில்.

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது.

"யாரு செஞ்சது இது?"

"நான் ஐயா."

"நல்லா இருக்கே பாப்பா. தேயிலையா போட்ட?"

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு ஆளுக்காவது தெரிந்ததே! டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்கய்யா. சாயம்."

"தோட்டத்துல மாசம் குடுக்குற தூள்ல இவ்வளவு கறுக்காதே. குடிக்கவே காணாதுன்னு கத்துறீங்க." அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை. "இது தூசி மாதிரி இருக்கு. யாரு குடுத்தா ஒனக்கு?"

"எங்க அப்பா..."

கன்னத்தில் அறை விழுந்தது. அம்மாவின் கை. அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய் சொல்லுதுங்கய்யா. வாயெடுத்தா பொய்யி. குடிக்கிற சாயத்த மேல கொட்டிக்கிச்சு. அழுக்குங்க. வெறும் அழுக்கு."

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் டீச்சர். "வைக்காதையும் எண்டு சொன்னனான். கேட்டால்தானே."

"இல்ல, அம்மாதான்..." என்று நான் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்தாள். எலும்பு நோகிற பிடி.

"அப்பான்னது, அவங்க அப்பா அடிப்பாருன்னு சொல்ல வந்துச்சுங்கய்யா. பயம்."

டீமேக்கர் ஐயா அம்மாவைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். இன்னொரு தரம் மணக்கவில்லை. மேசையில் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் குடிக்க பிளாஸ்கில் தேத்தண்ணி வந்தது. அடியில் சொட்டியது. வெள்ளை மேசைத்துணி கறைபடும் என்று டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் பையை எடுத்து, நாலாக மடித்து, பிளாஸ்குக்கு அடியில் வைத்தார். ஏற்கனவே தேத்தண்ணி பட்டதுதானே.

அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது டீச்சரிடம், "மன்னிச்சிக்குங்க டீச்சர், இனி சுத்தமா அனுப்புறேன்" என்றாள். தன் கையால் மூன்று நிறம் எடுத்தவள். அவள் மன்னிப்புக் கேட்டாள்.

பையை நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் தரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் அம்மாவுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். குறுக்குப்பாதையில் ஒரு இடத்தில் அம்மா என்னை நிறுத்தி, என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். நான் முகத்தை இழுத்துக்கொண்டேன்.

அப்பா வரட்டும் என்று இருந்தேன். அப்பா வந்து கேட்டால் எல்லாருக்கும் இருக்கிறது. டீச்சருக்கு இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது. அவர் வந்து ரொட்டியைப் பிய்க்கும்போது ஒன்று விடாமல் சொன்னேன். பூக்களுக்குப் பின்னால் வைத்தது, டீமேக்கர் ஐயா மணந்தது, கேட்டது, அம்மா அடித்தது, பிளாஸ்க்.

அப்பா பையைப் பற்றிக் கேட்கவில்லை. கன்னத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அம்மாவை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எம்பேர சொன்னியா?"

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இவ்வளவு பாடுபட்டுத் தூள் கொண்டு வந்தவர். அவர் பேரை ஒருத்தரும் சொல்லவில்லை என்று அவருக்கு மனக்குறை. எனக்கு அட்டை வைக்காதது போலத்தான் அவருக்கும் இருக்கும்.

"சொல்லத்தான் போனேன்ப்பா. அம்மா விடல" என்று அழுதேன். "நீங்க கவலப்படாதீங்க. திங்கக்கிழம நானே பெக்டரிக்கு வந்து டீமேக்கர் ஐயாகிட்ட சொல்றேன்."