அப்பாவைப் பற்றி நான் எழுதிய நாலு வரி

இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன். எட்டாம் வகுப்பில் எனக்கு உருவகப் பைத்தியம் பிடித்தது. ‘போல’ என்று எழுதினால் உவமை, அந்தப் ‘போல’வைத் தூக்கிவிட்டால் உருவகம், அதற்குத்தான் வலு அதிகம் என்று தமிழம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் ஏதாவது ஒன்றாக ஆக்கிக்கொண்டு திரிந்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் குப்பம். ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போவார்கள், அப்பா ஒருவரைத் தவிர. அவரும் ஒரு காலத்தில் கட்டுமரம் ஏறியவர்தான். அதை விட்டுவிட்டு, பக்கத்து அணுமின் நிலைய நகரியத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, காக்கிச் சட்டையோடு அதிகாரிகள் வீட்டுப் புல்லுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ அது பெரிய மானக்கேடு.

ஆண்டு விழாவுக்குக் கவிதைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, ‘வாழ்க்கையில் ஒரு முடிவு’. நான் எழுதினேன்:

அலையா புல்லா என்றது வாழ்க்கை.
அப்பா புல்லைக் கேட்டார்.
கடலை விட்டுக் கரைக்கு வந்தார்,
காய்ந்தார். அப்பா கருவாடு.

முதலில் ‘கருவாடு போல’ என்றுதான் எழுதியிருந்தேன். வலு போதவில்லை என்று ‘போல’வை அடித்தேன். முதல் பரிசே கிடைத்துவிட்டது!

விழா அன்று அப்பா வேலைக்கு நடுவே காக்கியோடு ஓடிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தொண்டை கிழியப் படித்தேன். கடைசி வரிக்கு மொத்தக் கூட்டமும் சிரித்துக் கை தட்டியது. பரிசு கொடுத்த அதிகாரி, அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். எல்லாத் தலையும் திரும்பியது. அப்பா எழுந்து கும்பிட்டார். பிறகு அவரும் கை தட்டினார்.

சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது, “நல்லா சத்தமா படிச்சம்மா. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு” என்றார்.

நான் அதோடு விட்டேனா? கரையில் மாமாவும் நாலைந்து பேரும் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசாக வந்த டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு அங்கேயும் ஒருமுறை ஒப்பித்தேன். மாமா வலையைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்னா மச்சான், நாங்க சொன்னா கோச்சிக்குவ. இப்ப நீ பெத்த பொண்ணே சொல்லிட்ச்சே!”

மறுநாளிலிருந்து குப்பத்தில் அப்பாவுக்கு அதுதான் பேர். “கருவாடு டூட்டி முட்ச்சிகினு வருதுடா” என்று பொடிசுகள்கூடக் கத்தின. அப்பா கரை வழியை விட்டுவிட்டு, சவுக்குத் தோப்பு மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பள்ளி விட்டு அவர் டூட்டி முடியக் காத்திருக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு சுற்றி வர ஆரம்பித்தார். என் ஷூவெல்லாம் மண்.

“இன்னாப்பா, இந்த வழியா இட்டுகினு வர?” என்று எரிந்து விழுந்தேன்.

“இங்க நெழலா கீதும்மா” என்றார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன நிழல்? அதையும் நம்பினேன், பாவி.

நகரியத்துப் பள்ளிக்கூடத்தில் அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். எங்கள் குப்பத்திலிருந்து அங்கே படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா கடலை விட்டது எனக்கு ஐந்து வயது முடிந்த வருஷம். இந்த மூன்றுமே எனக்கு அப்போதே தெரியும். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.