மூடுபனியில் அணைத்த டோர்ச்

பெரிய டோர்ச் இருந்தால் மூடுபனி வழிவிடும் என்று நம்பியிருந்தேன். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வந்த விடியற்காலைப் படகில், முன்னால் நின்று டோர்ச்சை அடித்தேன். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. பாறையில் மோதிச் சாகப்போகிறோம் என்று பயந்து, அலுமாரிச் சாவி இருக்கும் இடத்தை மனைவிக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தேன்.

மெலிந்த படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, நிமிடத்துக்கொரு முறை செய்வதுபோல் மூக்குக்கண்ணாடியை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியில் துடைத்தார். அந்தப் பனிக்குள் ஏன் துடைத்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"டோர்ச்சை நூருங்கோ, சேர்."

"நூர்த்தா என்ன தெரியும்?"

"ஒரு துளியில பட்டு, மற்றத் துளிக்குப் பாய்ஞ்சு, உங்கட வெளிச்சம் உங்கட கண்ணுக்கே திரும்பி வருது."

"அப்ப வீட்டுக்குச் சொல்லவோ?"

"இறங்கினாப் பிறகு சொல்லுங்கோ."

அணைத்தேன். விடியலின் மங்கல் வெளிச்சத்தில், பத்தடி முன்னால் இறங்குதுறை இருந்தது.